கடற்பஞ்சு எண்ண வந்தவளுக்கு கை கொடுத்தவங்களுக்கு

மொரீஷியஸ் கடல்ல கடற்பஞ்ச (ஸ்பாஞ்ச், பாறையில ஒட்டி வாழுற மிருகம்) ஆராய வந்து அஞ்சு வருஷம் ஆச்சு. போன வாரம் என் ஆய்வேட்ட ஏத்துக்கிட்டாங்க. அதுல முன்பக்கத்துல நன்றின்னு ஒரு பக்கம் எழுதிருக்கேன், ஆனா அது இங்கிலீஷ்ல, அளவா, முறையா எழுதினது, எனக்கு அதுல மனசு நிறையல, அதான் இத தமிழ்ல தனியா எழுதுறேன். குட்லண்ட்ஸ்ல நான் வாடகைக்கு இருந்த வீட்டு அக்கா பிரைமரி ஸ்கூல்ல தமிழ் சொல்லிக் குடுக்கிறவங்க, அவங்க இத சத்தமா படிச்சு எல்லாருக்கும் அந்த ஊர் பாஷையான கிரியோல்ல சொல்லிருவாங்க. பேர் போடட்டுமான்னு கேட்டேன், ஒருத்தர் விடாம வேண்டாம்னுட்டாங்க, அதனால பேர் இல்ல. படிக்கும்போது அவங்கவங்களுக்கு தெரியும்.

முதல்ல கிரான் கோப் ஊரு தோந்தோனுக்கு. மொரீஷியஸ்ல வயசானவங்கள தோந்தோன்னு தான் கூப்பிடுவாங்க, நம்ம மாமா மாதிரி. அவருக்கு தமிழ் பேச வராது, ஆனா காவடிக்கு பத்து நாள் விரதம் இருந்து மலையேறுவாரு, முருகன் பாட்டு முழுசா மனப்பாடம். அவரோட பிரோக்ல, அதாவது சின்ன படகுல தான், நான் 2021-லருந்து லாகூனுக்குள்ள (பவளப்பாறைக்கு உள்பக்கம் இருக்க ஆழமில்லாத கடல்) போனது வந்தது எல்லாம். ஒரு நாள் ஆன்ஸ் லா ரே பக்கம், முட்டளவு தண்ணியில படக நிறுத்தி, கொராய் (பவளம்) மேல கருப்பா ஒரு தோல் மாதிரி படர்ந்திருந்தத காட்டினாரு. நான் பாத்துட்டு பாசின்னு சொல்லிட்டேன். அவர் ஒத்துக்கல. பாசின்னா உரிச்சா கையோட வரும், இது பாறையோட ஒட்டிக்கிட்டு இருக்கு, அதுவும் மாசா மாசம் நகருதுன்னாரு. நான் படிச்சவ, அவர் பாத்தவர், அன்னைக்கு சரியா சொன்னது அவர் தான்.

நகத்தளவு சுரண்டி லேப்க்கு கொண்டு போயி ப்ளீச்சுல போட்டு சதையெல்லாம் கரைஞ்சதும் மைக்ரோஸ்கோப்ல பாத்தா குண்டூசி குண்டூசியா கண்ணாடி முள்ளு, தலை மட்டும் உருண்டையா இல்லாம மடிப்பு மடிப்பா இருக்கு. அறிவியல் பேரு டெர்பியோஸ் ஹோஷினோட்டா. கடற்பஞ்சு தான், ஆனா ஒரு மில்லிமீட்டர் கனம் கூட இருக்காது, உடம்பு பூரா நீலப்பச்சை பாக்டீரியாவ வெச்சுக்கிட்டு உயிரோட இருக்க பவளத்து மேலயே படர்ந்து மூடி கொன்னுரும். 1970கள்ல குவாம் தீவுல இத கவனிச்சாங்க, 1993-ல தான் பேர் வெச்சாங்க. நம்ம பாக் ஜலசந்தியிலயும் இருக்கு. ஆன்ஸ் லா ரேயில எனக்கு முன்னாடி வந்த ஆய்வாளருங்களே இத பதிவு பண்ணிருக்காங்க, அதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா அங்க மோன்டிபோரா பவளம் ஒண்ணு சும்மா சாகாம அந்த பஞ்சு மேலயே திரும்ப வளர்ந்து ஏறி அத மூடுறத பாத்திருக்காங்க. இத தோந்தோன்கிட்ட சொன்னப்ப அவர் ரொம்ப நேரம் பேசல. மறுவாரம் நைலான் கயித்துல சாண் சாணா முடிச்சு போட்டு எடுத்துட்டு வந்தாரு, ஒரு கல்லுலருந்து கருப்பு ஓரம் வரைக்கும் எத்தனை முடிச்சுன்னு நான் ஊருக்கு போயிருந்த மாசத்துல கூட போயி எண்ணி வெச்சாரு. என் மூணாவது அத்தியாயத்துல இருக்க வரைபடத்துல பாதிக்கு மேல அந்த கயிறு தான். மெர்சி தோந்தோன்.

எல்லா பஞ்சும் அப்படி இல்ல, இத சொல்லாம விட்டா பஞ்சுக்கு பாவம். வாய் கிடையாது வயிறு கிடையாது, ஒடம்பு பூரா ஓட்டை, சின்ன ஓட்டை வழியா தண்ணிய இழுத்து பெரிய ஓட்டை வழியா வெளிய விடும், ஒரு நாளைக்கு தன் உடம்ப போல பல ஆயிரம் மடங்கு தண்ணிய வடிகட்டும். பவளமும் பாசியும் தண்ணியில கரைச்சு விடுற சத்த பெரும்பாலான மிருகங்களால சுலபமா திங்க முடியாது, பஞ்சு அத உறிஞ்சி தன் செல்லுங்கள சீக்கிரம் சீக்கிரமா உதுத்து தூளா வெளிய தள்ளும், அத புழுவும் சின்ன நண்டும் திங்கும், அதுங்கள மீன் திங்கும். 2013-ல நெதர்லாந்து விஞ்ஞானி யாஸ்பர் டி ஹூயும் கூட்டாளிங்களும் கரீபியன்ல இருக்க குரசாவ் தீவு கடல்ல இத நிரூபிச்சாங்க. அத்துவானக் கடல்ல பவளப்பாறை மட்டும் எப்படி இவ்வளவு உயிரோட இருக்குங்கிற கேள்விக்கு ஒரு பெரிய பதில் இந்த யாரும் திரும்பி பாக்காத பஞ்சு. ஆரம்பத்துல ஒரு இடத்துல பணம் கேட்டு எழுதினப்ப பவளத்த பத்தின்னா பரவால்ல, பஞ்ச எண்ணி என்ன ஆகப்போகுதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி வீட்டு அக்காவும் அவங்க அம்மாவும் தான் என்னை உக்கார வெச்சு சாப்பாடு போட்டாங்க.

அந்த அம்மாவ தாந்தீன்னு கூப்பிடுவேன், நம்ம அத்தை மாதிரி. 2020 ஜூலை 25-ல வகாஷியோ கப்பல் பொயின் தெஸ்னி பாறையில ஏறி, ஆகஸ்ட் 6-லருந்து ஆயிரம் டன் அளவு எண்ணெய் கசிஞ்சப்ப, மஹேபூர்ல ஜனங்க துணியில கரும்புச் சோகைய அடைச்சு தைச்சு கடல்ல மிதக்க விட்டு எண்ணெய தடுத்தாங்கல்ல, தாந்தீன் தங்கச்சி வீடு அங்க தான், இவங்களும் மெஷினோட போயி ராப்பகலா தைச்சிருக்காங்க. நான் பஞ்சு துண்டு எடுக்க பிளாஸ்டிக் பைய வெச்சு தண்ணிக்குள்ள கஷ்டப்படுறத கேட்டு, கொசுவலை துணியில பை பையா, ஒவ்வொண்ணுக்கும் வேற கலர் நூல்ல வாய் கட்டி, அடியில ஈயக்குண்டு வெச்சு தைச்சு குடுத்தாங்க. நாப்பது பை. ஒண்ணு கூட பிரியல. முங்குற கண்ணாடி மங்கினா கூட நூல் கலர வெச்சு எந்த இடத்து பஞ்சுன்னு சொல்லிருவேன்.

தபாஜி (தெருமுனை கடை) வெச்சிருக்க அண்ணனுக்கு. 2023 பிப்ரவரியில ஃப்ரெடி புயல் வடக்கால போனப்ப எங்க தெருவுல கரண்ட் போச்சு. சில பஞ்சுல எடையில மூணுல ஒரு பங்கு பாக்டீரியாவே இருக்கும், அதுங்கள பாக்க தான் நான் துண்டுங்கள உறைய வெச்சிருந்தேன், உருகினா ஒன்றரை வருஷ வேலை போச்சு. அண்ணன் தன் ஜெனரேட்டர்ல ஓடின ஃப்ரீசர்லருந்து விக்கிற கோழிய எடுத்து அக்கம்பக்கத்துக்கு குடுத்துட்டு என் பொட்டலத்துக்கு இடம் பண்ணாரு. அந்த கோழிக்கு காசு வாங்கவே மாட்டேன்னுட்டாரு. இத நான் எந்த அறிக்கையிலயும் எழுத முடியாது, இங்க எழுதுறேன்.

என் கைடு மேடம், லேப் அண்ணன்மார், கூட முங்கின பிள்ளைங்க, உங்களுக்கு நேர்லயே சொல்லிட்டேன், மறுபடியும் சொல்லுறேன்.

கடைசியா தூத்துக்குடியில எங்க தாத்தாவுக்கு. சங்கு குளிக்க போனவரு. மன்னார் வளைகுடாவுல பவளத்த வெட்டி சுண்ணாம்புக்கு கொண்டு போன காலத்த பாத்தவரு, 2001-ல பவளத்துக்கு சட்டப் பாதுகாப்பு வந்ததயும் பாத்தாரு. சின்னதுல என்னை வள்ளத்துல ஏத்தி, பார்ல (கடலுக்கடி பாறையில) பஞ்சு இருக்கும் பாப்பா, கை வெக்காத அரிக்கும், ஆனா பஞ்சு நல்லா இருக்க இடத்துல தான் மீன் நிக்கும்னாரு. குரசாவ்ல கண்டுபிடிச்சத வாசிச்சப்ப எனக்கு அழுகை வந்துருச்சு தாத்தா. நீங்க இருந்திருந்தா தோந்தோன உங்ககிட்ட கூட்டிட்டு வந்திருப்பேன், ரெண்டு பேருக்கும் பேச பொதுவா ஒரு பாஷை இல்ல, ஆனா அந்த முடிச்சு கயித்த பாத்தா உங்களுக்கு புரிஞ்சிருக்கும்.

தைப்பூசம் முடிஞ்சதும் வாரேன். தாந்தீன், செத் காரிக்கு (ஏழு கறி சாப்பாடு) எனக்கும் ஒரு இலை போடுங்க. தோந்தோன், அந்த கயிறு இன்னும் என்கிட்ட தான் இருக்கு, கொண்டு வாரேன், மூணு முடிச்சு தேய்ஞ்சிருக்கு, நீங்களே திரும்ப போட்டுக் குடுங்க.