மார்ச் 7 – பெர்பெத்துவா, பெலிசித்தா திருநாள்

எல்லாருக்கும் வணக்கம் 🙏 கிறிஸ்தவங்கிறதுக்காக உயிர விட்ட இந்த ரெண்டு புனிதைங்க திருநாள காலண்டர்ல சின்ன எழுத்துல போட்டிருக்கிறதால யாரும் கண்டுக்கிறதில்ல, இந்த வருசம் நாம கொஞ்சம் கவனிப்போம்.

கி.பி. 203, கார்த்தேஜ், இப்போ துனிசியா. பெர்பெத்துவாவுக்கு 22 வயசு தான், வசதியான வீட்டுப் பொண்ணு, கையில பால்குடி குழந்தை வேற, ஜெயில்ல இருந்தே அவங்க எழுதுன டயரி இன்னைக்கும் இருக்கு. அப்பா வந்து இந்த விசுவாசத்த விட்டுடும்மான்னு கெஞ்சுறாரு, இவங்க அங்க கிடந்த பானைய காட்டி இத வேற பேர் சொல்லி கூப்பிட முடியுமாப்பா, நானும் அப்படித்தான், கிறிஸ்தவள்னு சொல்றாங்க.

அவங்க கூட ஜெயில்ல இருந்த பெலிசித்தா அடிமைப் பொண்ணு, எட்டு மாச கர்ப்பம். கர்ப்பிணிய கொல்லக்கூடாதுன்னு ரோமச் சட்டமாம் (என்ன ஒரு இரக்கம்!), ஆனா அவங்க கவலையே மத்தவங்க கூட சாக முடியாம போயிடுமோங்கிறது தான், ஜெயில்லயே பொண்ணு பொறந்துச்சு. அப்புறம் ரெண்டு பேரையும் அரங்கத்துல காட்டுப் பசுவ விட்டு முட்ட வச்சு கடைசில வாளால கொன்னுட்டாங்க.

புனித அகுஸ்தினாரே இவங்க திருநாளுக்கு பிரசங்கம் வச்சிருக்காரு. பூசையில குருவானவர் சொல்ற முதல் நற்கருணை மன்றாட்டுல ரெண்டு பேர் பேரும் வரும்.

பூசைக்கு முன்னாடி டயரிய வாசிக்க ரெண்டு பேர் வேணும், பேர் குடுங்க, பக்கத்த ஃபோட்டோ எடுத்து அனுப்புறேன்.