தறியை நிறுத்தி நாடி பார்க்கவிட்டவர்களுக்கு

வணக்கமுங்க.

பல்லடம், சோமனூர் பக்கம் விசைத்தறிக் கூடங்களில், இதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறவர்களைக் கண்டுபிடிக்க நாடி பார்த்த முகாமுக்குத் தோள்கொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். முதல் நன்றி தறிக்காரர்களுக்கு. அந்தச் சத்தத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒன்றும் கேட்காது. கூலி குறையும் என்று தெரிந்தே தறியை நிறுத்தினீர்கள்.

அடுத்தது, கை பிடித்து எண்ணிய செவிலியர்களுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்காமல், ஆளுக்கு முழு 60 நொடி எண்ணினீர்கள். நாம் தேடியது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற துடிப்புக் கோளாறு. அதில் இதயத்தின் மேலறைகளில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்துடிப்புகள் தாறுமாறாக ஓடும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே வாசல்போல இருக்கும் ஏ.வி. கணு அவற்றில் சிலவற்றைத்தான் கீழே விடும். எது எப்போது இறங்கும் என்று கணக்கே கிடையாது. மேலறை சுருங்காமல் நடுங்குவதால், கீழறைக்குக் கடைசியாகத் தள்ளவேண்டிய ஐந்தில் ஒரு பங்கு ரத்தம் போய்ச் சேராது. முந்திக்கொண்டு வரும் துடிப்புக்குக் கீழறை நிரம்பியிருக்காது. நெஞ்சில் சத்தம் கேட்கும், மணிக்கட்டில் நாடி தட்டாது. அதற்குத்தான் ஒருவர் நெஞ்சிலும் ஒருவர் கையிலுமாக ஒரே நேரத்தில் எண்ணச் சொன்னோம். நெஞ்சில் 120, கையில் 95 என்றால் 25 துடிப்பு வீண். கையை மட்டும் பார்த்தால் "95தானே" என்று விட்டுவிடத் தோன்றும்.

இ.சி.ஜி. எடுத்த தம்பிகளே, கை நடுங்கிக் கோடு ஆடியபோதெல்லாம் போர்வை போர்த்தி மறுபடி எடுத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. மேலறை ஒழுங்காக இயங்குவதைக் காட்டும் சின்ன மேடான பி அலை இருக்கிறதா இல்லையா என்பது அந்த நடுக்கத்தில்தான் மறைந்துபோகும்.

மருந்துக்கடை அண்ணன்மார் சீட்டுகளைப் பிரித்துப் படித்தீர்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர் மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போட்டால் ரத்தக்கசிவு வரலாம் என்று எச்சரித்தீர்கள். முருங்கைக்கீரையை அடியோடு விடச் சொல்லாமல், வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னதும் சரியே. கீரையின் அளவு ஏறி இறங்கினால் வார்ஃபரினின் வேகமும் மாறும். ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற அளவு பெரும்பாலோருக்கு 2க்கும் 3க்கும் நடுவே நிற்க அது உதவும். ஆஸ்பிரின் வார்ஃபரினுக்கு ஈடாகாது. மேலறை நடுங்கும்போது, இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறையலாம். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

கை நீட்டிய அப்பாருகளுக்கும் ஆத்தாமார்களுக்கும் நன்றிங்க. பெரியாஸ்பத்திரிக்குப் போகும்போது துடிப்பு தானாக ஒழுங்காகியிருக்கலாம். அங்கே எடுக்கும் இ.சி.ஜி.யில் ஒன்றும் தெரியாது. நாங்கள் கொடுத்த இ.சி.ஜி. பட்டைதான் அப்போது சாட்சி. அது வெயிலில் வெளுத்துவிடும் தாள். இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்க.

நன்றியுடன்,
நாடி முகாம் குழுவினர்