கரைவதும் அழிவதும்

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். பையன் நீரில் கரையும் கடைப்பைகளைத் தயாரிக்க நினைப்பதாகவும், 'பயன்படுத்தியபின் ஒரு வாளித் தண்ணீரில் போட்டால் போதும்' என்று இயந்திரம் விற்பவர் சொல்வதாகவும் எழுதியிருந்தாய். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அத்தகைய பைகளின் படலம் பெரும்பாலும் பாலிவினைல் ஆல்கஹால் (பி.வி.ஏ.). உன் சைசிங் பட்டறையில் நெசவுக்குமுன் பாவு நூலுக்குக் கஞ்சியாகப் போடும் அதே பி.வி.ஏ.தான். மாவுக் கஞ்சி கழிவுநீரில் கலந்தால் நுண்ணுயிர்கள் அதை விரைவில் தின்றுவிடுகின்றன. பி.வி.ஏ.வைத் தின்னக்கூடியவை மிகச் சிலவே. 1973இல் ஜப்பானில் அத்தகைய ஒரு சூடோமோனாஸ் பாக்டீரியா விவரிக்கப்பட்டது. அவை பெருகிப் பழகுவதற்கு அவகாசமும் நன்கு காற்றூட்டப்பட்ட சுத்திகரிப்புத் தொட்டியும் தேவை; திறந்த சாக்கடையில் இரண்டும் கிடைப்பதில்லை.

எங்கள் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் தொற்று நோயாளிகளின் விரிப்புகளை இப்பைகளில் கட்டி, கட்டவிழ்க்காமல் அப்படியே இயந்திரத்துக்குள் போடுகிறோம். ஊழியர்களின் கைக்குத் தொற்று வராமல் காக்கும் இந்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நாங்கள் வாங்குவது சுடுநீரில் மட்டுமே கரையும் வகை. ஈர விரிப்பு பட்டால் உடனே இளகக் கூடாது அல்லவா? ஒருமுறை கொதிகலன் பழுதாகி நீர் சூடேறாமல் போனபோது, பைகள் வழவழப்பான சவ்வாகச் சுருண்டு வடிகால் வலையை அடைத்துக்கொண்டன. கையுறை போட்டுக்கொண்டு ஒருவர் அவற்றை உரித்தெடுக்க வேண்டியதாயிற்று.

முறையாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க அணுமின் நிலையங்களில் இப்பொருளாலான பாதுகாப்பு உடைகளை ஒருமுறை அணிந்தபின் சுடுநீரில் கரைத்து, கதிரியக்கத் துகள்களை வடிகட்டிப் பிரித்து, எஞ்சிய கரைசலை வேதிமுறையில் சிதைக்கும் வழக்கம் உண்டு. அதாவது, கரைத்தபின் செய்யும் வேலைக்கே செலவு அதிகம்; விற்பவர்கள் அதை விலைப்பட்டியலில் காட்டுவதில்லை!

நீரில் கரையும் சலவைத்தூள் பொதிகளின் படலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிதையாமல் சுற்றுச்சூழலைச் சேர்கிறது என்று அமெரிக்காவின் அரிசோனா ஆய்வாளர்கள் 2021இல் மதிப்பிட்டனர். உற்பத்தியாளர்கள் அதை மறுத்தார்கள். பாதுகாப்பான வேதிப்பொருட்களின் பட்டியலிலிருந்து இப்பொருளை நீக்கக் கோரிய மனுவை அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் 2023இல் ஏற்கவில்லை. விவாதம் இன்னும் முடியவில்லை என்றே நான் கொள்கிறேன். ஆனால் அங்குள்ள வாதம் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றியது. குமாரபாளையத்தில் வாளியிலிருந்து கொட்டும் நீர் காவிரிக்குப் போகும் வழியில் அப்படியொரு நிலையத்தைத் தாண்டுகிறதா என்பது என்னைவிட உனக்குத்தான் தெரியும்.

ஆகவே, கடைப்பை வேண்டாம். சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் உள்ள மருத்துவமனைகளுக்குச் சலவைப்பை தயாரிக்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன், படலம் எத்தனை பாகை நீரில் முழுதும் கரையும், 28 நாள் மக்கும் சோதனையில் 60 விழுக்காட்டுக்கு மேல் சிதைகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல். மாதிரிப் பை கிடைத்தால் இங்கே அனுப்பு. எங்கள் இயந்திரத்திலேயே போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
இராமநாதன்