கால்பந்து அணிக்கு ஜிபிஎஸ் கருவிகள்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் கால்பந்து அணிக்கு, ஆட்டக்காரர் ஓடும் தூரத்தையும் வேகத்தையும் பதியும் ஜிபிஎஸ் கருவிகள் வாங்க நிதி திரட்டுகிறோம். "பந்தும் பூட்ஸும் இருந்தால் போதாதா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

தொழில்முறை ஆட்டத்தில் ஒருவர் 90 நிமிடத்தில் சுமார் 10 முதல் 13 கிலோமீட்டர் ஓடுகிறார். அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும்தான். உடம்பைப் பிழிந்தெடுப்பது திடீர்ப் பாய்ச்சலும், பாய்ந்த வேகத்தில் சட்டென்று நிற்பதும், நின்ற இடத்தில் திரும்புவதும். ஒரே தூரம் ஓடிய இருவரில் ஒருவருக்கு மறுநாள் பயிற்சி கொடுக்கலாம், மற்றவருக்கு ஓய்வு தேவைப்படலாம். வெளியில் நின்று பார்த்தால் இருவருமே 'நல்லா ஓடினாங்க', அவ்வளவுதான். அந்த வேறுபாட்டைப் பார்க்கத்தான் கருவி.

கருவி உள்ளங்கையில் அடங்கும். இறுக்கமான உள்சட்டையில், முதுகின் மேற்புறம் இரு தோள்பட்டைகளுக்கு நடுவே உட்காரும். நொடிக்கு 10 முறை இருப்பிடத்தைப் பதியும் வகையைத்தான் பார்த்து வைத்திருக்கிறோம். அதற்கும் குறைவானவை குறும்பாய்ச்சல்களில் கோட்டை விடும். மணிக்கு 25.2 கிலோமீட்டரைத் தாண்டினால் ஸ்பிரிண்ட் (அதிவேகப் பாய்ச்சல்) என்பது பரவலான கணக்கு. அது வளர்ந்த ஆண்களுக்குப் போட்ட கோடு. நம் சிறுவர்களுக்கும் பெண்கள் அணிக்கும் அதையே வைத்தால் யாருமே வேகமாக ஓடாத மாதிரி தெரியும். எனவே அவரவர் உச்ச வேகத்தை வைத்தே கணக்கிடுவோம்.

நாலு கருவி வாங்கி மாற்றி மாற்றிப் போடலாமே என்ற யோசனையும் வந்தது. சரிப்படாது. ஒரே வகைக் கருவிகளுக்குள்ளும் அளவு சற்று வேறுபடும். ஒருவரின் இந்த வார ஓட்டத்தைப் போன வாரத்தோடு ஒப்பிட, அவருக்கு எப்போதும் அதே கருவி வேண்டும். அதனால்தான் களத்தில் ஓடும் 10 பேருக்கும் ஆளுக்கொன்று கேட்கிறோம். கோல்கீப்பர் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த சுற்று அவருக்குத்தான். போட்டி நடத்துபவர்கள் ஒப்புக்கொண்டால், ஆட்டத்தின்போதே இதை அணிய விதிகளில் இடம் உண்டு.

ஒரு கருவியை ஒருவரே தரலாம், நாலு பேர் சேர்ந்தும் தரலாம். உள்சட்டைகளும், ஓடும் நிலையிலுள்ள மடிக்கணினி ஒன்றும் தேவை. எண்களை அட்டவணையாக்கித் தரத் தெரிந்தவர்கள் ஆட்டத்துக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதுவும் நன்கொடைதான்.

சிறுவர்களுக்குப் பெற்றோர் எழுத்தில் சம்மதித்த பிறகே கருவி மாட்டுவோம். எண்களைப் பயிற்சியாளரும் அந்த வீரரும் மட்டுமே பார்ப்பார்கள். பெறும் தொகைக்கு ரசீது உண்டு; வரவு செலவு அடுத்த பொதுக்கூட்டத்தில் வைக்கப்படும். கொடுக்க விரும்புவோர் பொருளாளரிடம் பெயர் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
கருவி நிதிக் குழு