அளவு ஜாக்கெட் வேண்டாம் என்று சொன்ன அக்காவுக்கு

வண்டி ஓடுகிறது. முந்தாநாள் ராத்திரி ஜி.எஸ்.டி. ரோட்டில் வண்டலூர் வரை போய்த் திரும்பியாயிற்று. ஐந்தாவது கியர் விழுந்தது. எதுவும் இடிக்கவில்லை, எதுவும் அதிரவில்லை. இந்தப் பழைய ஃபியட் 1100டி காரில் நான்கு கியர் பாக்ஸைக் கழற்றிவிட்டு ஐந்து கியர் பாக்ஸ் போடத் தரையை அறுக்க வேண்டியிருந்தது. அது எந்தக் கோலத்தில் அறுபட்டுக் கிடந்தது என்பது பெரிய கதை. அதைக் கிளற வேண்டாம். கையில் கிரீஸ் வாசனை போவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் நன்றி டிங்கருக்கு இல்லை, லேத்துக்காரருக்கும் இல்லை. ஷெட்டுக்குப் பக்கத்தில் பிளவுஸ் தைக்கும் அக்காவுக்கு. கிரைண்டர் சத்தம் தாங்காமல் சண்டை போடத்தான் வந்தார். வந்தவர் தரையில் கிடந்த ஃபிரிட்ஜ் அட்டைகளைப் பார்த்தார். ஐந்தாறு தடவை வெட்டி, ஒட்டி, கிழிந்து கிடந்தன. எதற்கு என்று கேட்டார். பழைய டனலின் (கியர் பாக்ஸை மூடித் தரை நடுவில் புடைத்திருக்கும் மேடு) வடிவத்தை வரைந்து, அதைக் கொஞ்சம் பெரிதாக்கிக் கொண்டிருக்கிறோம் என்று பதில் போயிற்று. “அளவு ஜாக்கெட் வச்சுத் தைக்கலாம் தம்பி. ஆளே மாறிட்டா அந்த ஜாக்கெட் எதுக்கு?” என்றார்.

தப்பு அங்கேதான் இருந்தது. அந்தத் தரை பழைய நான்கு கியர் பாக்ஸுக்காக அழுத்தி எடுத்தது. உள்ளே வருவதோ மாருதி ஜிப்ஸி கிங் ஜீப்பின் ஐந்து கியர் பாக்ஸ். இது வேறு இடத்தில் புடைக்கும், வேறு இடத்தில் ஒடுங்கும். பழைய டனலை எவ்வளவு பெரிதாக்கினாலும் ஒரு பக்கம் வெட்டியாக இடம் நிற்கும், இன்னொரு பக்கம் இடிக்கும். அளவைப் புது ஆளிடம் எடுக்க வேண்டும். அதாவது பாக்ஸை அதன் இடத்தில் நிறுத்திவிட்டுத்தான் அட்டையையே தொட வேண்டும்.

நிறுத்துவதற்கு முறை உண்டு. வண்டி நான்கு சக்கரத்தில் நிற்க வேண்டும். பாடியை ஜாக்கியில் தூக்கிவிட்டால் பின் ஆக்ஸில் தொங்கிவிடும், கோணம் எல்லாம் பொய்யாகிவிடும். இன்ஜினோடு பாக்ஸைப் பூட்டி, வால் பக்கம் சுமார் 3 டிகிரி இறக்கி வைக்க வேண்டும். பின் ஆக்ஸில் நடுவில் உள்ள டிஃபரன்ஷியலின் மூக்கு அதே அளவு மேலே பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் இரண்டையும் இணைக்கும் ஷாஃப்ட்டின் இரு முனை மூட்டுகளான யூஜே கிராஸ்களின் வேக ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று சரிக்கட்டும். டனலில் இடம் போதவில்லை என்று பாக்ஸைக் கீழே இறக்கித் தொங்கவிடுகிறவர்கள் நிறையப் பேர். 60 கிலோமீட்டர் வேகத்தில் முதுகுத்தண்டு வரை அதிரும்போது டயரைக் குறை சொல்வார்கள். கோணம் சுத்தமாகப் பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது. கிராஸில் உள்ள ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குழி விழுந்துவிடும்.

அக்கா கேட்ட இரண்டாவது கேள்வி: “இந்தச் சாமான் ஆடுமா?” ஆடும். ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறதே. கிளச்சை விட்டதும் இன்ஜின் ஒரு பக்கம் முறுக்கும், பிரேக் போட்டால் முன்னால் தள்ளும். “நின்னு எடுத்த அளவு உட்கார்ந்தா பத்தாது” என்று சொல்லிவிட்டு, பாக்ஸின் மேல் போர்வையை மடித்துச் சுற்றி அதன் மேல் பேப்பர் போடச் சொன்னார். போர்வைக்குப் பதில் 25 மில்லிமீட்டர் தெர்மாகோல் துண்டுகளை டேப் போட்டு ஒட்டினோம். சைலன்சர் குழாய் போகிற பக்கம் இரட்டிப்பு. கடப்பாரையால் பாக்ஸின் வாலை நெம்பி அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்தால், 25 மில்லிமீட்டர் அதிகமே இல்லை என்று புரியும்.

பிறகு கடைக்குப் போய் ஒரு சுருள் பிரவுன் பேப்பரும் சாக்கட்டியும் எடுத்து வந்தார். கேட்கவில்லை, அவராகத்தான்.

தகடு ஒரு பக்கம்தான் வளையும். பேப்பரும் அப்படித்தான். ஆனால் டனல் முன்னால் அகன்று பின்னால் ஒடுங்குகிறது. இன்ஜினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலில் போய்ச் சேரும் இடத்தில் மேல் நோக்கியும் திரும்புகிறது. அந்த முனையில் அட்டை சுருங்குவதும் கிழிவதும் அதனால்தான். அக்கா பேப்பரைப் பாக்ஸின் மேல் விரித்து, சுருங்கிய இடத்தை விரலால் கிள்ளி, குண்டூசி குத்தினார். டக் பிடிப்பது. வலப் பக்கம் இரண்டு, இடப் பக்கம் இரண்டு. ஃபயர்வால் ஓரத்தில் தனித் துண்டு, கை சேர்ப்பதைப் போல. இப்படி மொத்த டனலும் மூன்று துண்டாகப் பிரிந்தது. தகட்டில் டக் என்றால் வேறொன்றுமில்லை: முக்கோணமாக வெட்டி எடுத்து, விளிம்புகளைக் கூட்டி வெல்டு வைப்பது. தகட்டை உருட்டி வளைக்கும் இங்கிலீஷ் வீலும் இல்லாமல் மணல் மூட்டையில் அடித்து வளைக்கும் கைத்திறனும் இல்லாமல் அந்த வளைவு வந்ததற்கு இதுதான் காரணம்.

நடுக்கோட்டை மூன்று துண்டிலும் வரைந்தார். சேர வேண்டிய இடங்களில் சின்னதாகக் கத்தரி வெட்டு வைத்தார். வெல்டு வைக்கும்போது இடது வலது மாறாமல் இருந்தது அந்த வெட்டுகளால்தான். “தையலுக்கு விட்டீங்களா?” என்று கேட்டபோது எல்லோரும் முழித்தோம். சுற்றிலும் 20 மில்லிமீட்டர் சேர்த்துக்கொண்டோம். தரையை அறுக்கும்போதும் கோட்டுக்கு 20 மில்லிமீட்டர் உள்ளேயே அறுத்தால் மேல் தகடு உட்கார விளிம்பு கிடைக்கும். அறுத்த பிறகு கூடுதலாக எடுக்கலாம். திரும்ப ஒட்ட முடியாது.

கடைசியாக ஒன்று சொன்னார். “நாளைக்கு உடம்பு போட்டா பிரிக்க முடியணும்ல?” அதனால் பின் துண்டை வெல்டு வைக்கவில்லை. கியர் லிவருக்கு மேலே மூடி மாதிரி, 6 மில்லிமீட்டர் போல்ட்டும் ரிவெட் நட்டும் போட்டுக் கழற்றும்படி வைத்தாயிற்று. கழற்றினால் லிவரின் அடியும் ரிவர்ஸ் லைட் சுவிட்சும் கைக்கு எட்டும். திறப்பைச் சுற்றி 25 மில்லிமீட்டர் ஆங்கிள் ஓட்டியிருக்கிறோம், தரை தளரக் கூடாது என்பதற்காக. ஃபியட்டில் தனி சேஸி கிடையாது, தரையும் டனலும் சேர்ந்துதான் முதுகெலும்பு.

மற்றவர்களுக்கும் கடன் உண்டு. அறுப்பதற்கு முன்பே இரண்டு பக்கக் கதவுத் தூண்களுக்கு நடுவே சதுரக் குழாய் வைத்து டேக் வெல்டு அடிக்கச் சொன்ன புதுப்பேட்டை டிங்கருக்கு நன்றி. அது இல்லாவிட்டால் கதவு இன்றைக்கு மூடியிருக்காது. 18 கேஜ் தகட்டில் 10 மில்லிமீட்டர் வெல்டு, பிறகு எதிர்ப் பக்கம் 10 மில்லிமீட்டர் என்று பொறுமையாகத் தாண்டித் தாண்டி வைத்த சிஓடூ வெல்டருக்கு நன்றி. ஒரே மூச்சில் இழுத்திருந்தால் தகடு அப்பளமாகியிருக்கும். வெல்டுக்கு முன் பழைய தார் ஷீட்டைச் சுரண்டி, பிரேக் குழாயை ஒதுக்கி, பேட்டரியைக் கழற்றி, நனைத்த சாக்கோடு பக்கத்திலேயே நின்ற பையனுக்கும். இன்ஜினையும் புது பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டை டயல் கேஜ் வைத்து 0.1 மில்லிமீட்டருக்குள் மையம் பிடித்துக் கடைந்த அம்பத்தூர் லேத், கிளச் பிளேட்டில் ஹப் மாற்றியவர்கள், ஷாஃப்ட்டை வெட்டி பேலன்ஸ் பார்த்துக் கொடுத்தவர்கள், கணக்கு எழுதாமல் டீ அனுப்பிய கடை, எல்லோருக்கும்.

இரண்டு விஷயம் அடுத்து செய்யப்போகிறவர்களுக்கு. ஜிப்ஸியில் ஸ்பீடோமீட்டர் கேபிள், நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருந்து வருகிறது, கியர்பாக்ஸில் இருந்து அல்ல. டிரான்ஸ்ஃபர் கேஸ் இல்லாமல் பாக்ஸை மட்டும் போட்டால் முள் அசையாது. ஷாஃப்ட் ஃபிளாஞ்சில் காந்தமும் பக்கத்தில் சென்சாரும் வைக்க வேண்டியிருக்கும், அதற்கான இடத்தையும் டனலிலேயே ஒதுக்க வேண்டும். மூடிய பிறகு நினைவுக்கு வந்தால் அழுகை வரும். இரண்டாவது, 50 வயது தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ எழுத்தோடு வின்டேஜ் பதிவு வாங்க 2021-இல் வந்த விதி, பாடியிலோ சேஸியிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது. டனலை அறுத்தவர்கள் அந்த ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். அசல் நிலையில் இருக்கும் வண்டியை ஐந்தாவது கியருக்காக அறுக்காதீர்கள் என்பதுதான் எங்கள் அபிப்பிராயம். இது ஏற்கெனவே தரை துருப்பிடித்து ஓட்டையாகிப்போன வண்டி, அதனால் மனசு உறுத்தவில்லை. கிடைத்தது என்ன என்றால், நான்காவதில் நிமிடத்துக்கு 3,500 தடவை சுற்றிய இன்ஜின் அதே வேகத்தில் ஐந்தாவதில் 2,800 பக்கம் சுற்றுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு கத்தாமல் பேசலாம்.

இனி இந்த ஷெட்டில் பிரவுன் பேப்பர் விரிக்காமல் கட்டிங் வீல் சுற்றாது. பகல் இரண்டு மணி முதல் நான்கு வரை கிரைண்டரும் ஓடாது. அக்கா வெட்டுக்குத் துணி போடும் நேரம்.

பேப்பருக்கும் குண்டூசிக்கும் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அடாப்டர் பிளேட் வெட்டியதில் மிஞ்சிய இரும்புத் துண்டுகள் இரண்டு இருந்தன, ஒவ்வொன்றும் முக்கால் கிலோ இருக்கும். வழவழப்பான துணி நகராமல் இருக்க மேலே வைத்துக்கொள்ளட்டும் என்று அரம் போட்டு, ஓரம் மழுக்கி, மிஞ்சிய பச்சை பெயின்ட்டை அடித்தோம். நேற்று காயவில்லை. இன்றைக்குச் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.