எக்ஸ் தளத்தில் நம் பெயர்ப்பலகை மட்டும் இருக்கட்டும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கூட்டத்தில் எல்லோரையும் போல நானும் உன்னை மேடம் என்றுதான் கூப்பிடுகிறேன். கடிதத்தில் அது வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலூர் கோட்டை மைதானத்தில், நம் ரத்ததானக் குழு எக்ஸ் (பழைய ட்விட்டர்) கணக்கை மூடிவிட வேண்டும் என்று நீ சொன்னதும் நான் எழுந்து போனேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். சட்டென்று பதில் தோன்றவில்லை, அவ்வளவுதான். மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீ சொன்ன காரணம் சாதாரணமானதல்ல. அந்தத் தளத்தின் ஏஐ செயலியான க்ரோக்கிடம் ஒரு பெண்ணின் படத்தைக் கொடுத்து ஆடையைக் குறைக்கச் சொன்னால் அது செய்துகொடுத்தது. 2026 ஜனவரியில் நம் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் நோட்டீஸ் அனுப்பியது. இந்தோனேசியாவும் மலேசியாவும் க்ரோக்கைக் கொஞ்ச நாள் தடுத்தே வைத்தன. இதைப் படித்துவிட்டு நம் கணக்கைத் திறந்து பார்த்தேன். முகாம் முடிந்ததும் கையில் சான்றிதழோடும் ஜூஸ் டப்பாவோடும் சிரிக்கிற நம் பிள்ளைகளின் படங்கள் வரிசையாக இருக்கின்றன. பாதிக்கு மேல் கல்லூரிப் பெண்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்றியவன் நான். யாரிடமும் கேட்டு ஏற்றவில்லை. ரத்தம் கொடுத்ததற்கு ஊர் கைதட்டட்டுமே என்று நினைத்தேன். இந்த இடத்தில் நீ சொன்னது முழுக்கச் சரி.

ஆனால் பெரிய பெரிய நிறுவனங்களே வெளியேறிவிட்டன, நமக்கென்ன என்று நீ கேட்டாயே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. வெளியேறியது உண்மைதான். அமெரிக்க வானொலி என்.பி.ஆர். 2023 ஏப்ரலில் பதிவிடுவதை நிறுத்தியது. அரசு சார்ந்த ஊடகம் என்று தன் பெயருக்கு மேல் முத்திரை குத்தியதை அது ஏற்கவில்லை. லண்டன் கார்டியன் 2024 நவம்பரில், இது நச்சுத் தளம் என்று சொல்லிவிட்டு நிறுத்தியது. 2025 ஜனவரியில் 60க்கும் மேற்பட்ட ஜெர்மன், ஆஸ்திரியப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் சேர்ந்தே விலகின. என்.பி.ஆர். விலகி ஆறு மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது அதன் இணையதளத்துக்கு வருகிறவர்கள் ஒரு சதவீதப் புள்ளி அளவுக்குத்தான் குறைந்திருந்தார்கள்.

நம் நோட்டைப் புரட்டினால் நம் கதையும் அப்படித்தான் தெரிகிறது. ரத்தம் கேட்டு வருகிற அழைப்பெல்லாம் வாட்ஸப்பிலும் போனிலும்தான். எக்ஸ் வழியாக வந்தவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். சரி, போய்விடலாம் என்று நானே முடிவுக்கு வந்தேன். அப்புறம் அந்தச் சிலர் யார் என்று பார்த்தேன்.

ஒருவர்கூட வேலூர்க்காரர் இல்லை. வாட்ஸப்பில் நம்மைக் கேட்கிறவருக்கு இங்கே மாமனோ மச்சானோ கூடப் படித்தவனோ இருக்கிறான். அவன் நம் எண்ணைத் தருகிறான். காட்பாடியில் ரயிலிலிருந்து இறங்கி, காந்தி ரோட்டு லாட்ஜில் அறை எடுத்து, சிஎம்சியில் அம்மாவைச் சேர்த்துவிட்டு நிற்கிற ஜார்க்கண்ட் பையனுக்கு யார் தருவார்? அவன் போனை எடுத்து வேலூர், பிளேட்லெட் என்று தேடுகிறான். அப்படி ஒருவன் போன மே மாதம் இரவு பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிட்டான். கத்திரி வெயில், கல்லூரிகள் விடுமுறை, நம் பட்டியலில் பாதிப் பேர் ஊரிலேயே இல்லை. பிளேட்லெட்டை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, ஆள் கிடைத்தால்தான் உண்டு என்பது உனக்கே தெரியும். பட்டாளத்தில் கற்ற இந்தியை வைத்து அவனைச் சமாதானப்படுத்தினேன். கம்மவான்பேட்டையில் என்னோடு பட்டாளத்தில் இருந்தவரின் மகனை எழுப்பிக் காலையில் முதல் ஆளாக அனுப்பினேன். நம் எண் அவனுக்கு எக்ஸில்தான் கிடைத்தது.

கார்டியன் விலகினால் அதன் வாசகருக்குக் கார்டியன் எங்கே இருக்கிறது என்று தெரியும். நாம் விலகினால் நம்மைத் தேடுகிறவனுக்கு நாம் இருப்பதே தெரியாது. கொள்கை நம்முடையது, விலை கொடுப்பவன் அந்தப் பையன். அதுதான் என் தொண்டையில் நிற்கிறது.

இன்னொன்று. கணக்கை மூடினால் 30 நாளில் அது அழிந்துவிடும். அதற்குப் பிறகு நம் பெயரில் வேறு யாராவது கணக்கு தொடங்க வழி உண்டு. ரத்தம் ஏற்பாடு செய்கிறேன், முன்பணம் அனுப்பு என்று வெளியூர்க்காரர்களிடம் பிடுங்குகிற கூட்டத்தை நாம் பார்த்திருக்கிறோம். நம் பெயர் அவர்கள் கையில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசி.

பேஸ்புக்கை மட்டும் ஏன் விட்டுவைக்கிறோம் என்று நம் பொருளாளர் கிண்டலாகக் கேட்டார். மியான்மரில் வெறுப்பு பரவியதில் அதற்குப் பங்கு உண்டு என்று ஐ.நா. விசாரணைக் குழுவே 2018இல் சொன்னது என்றார். கேள்வி நியாயம்தான். ஆனால் எல்லாவற்றையும் விட முடியாது என்பதற்காக எதையுமே விடக்கூடாது என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அதனால் இப்படிச் செய்வோமா? படங்கள் அத்தனையையும் எடுத்துவிடுவோம், ஆண்களுடையதையும் சேர்த்து. இனி அங்கே முகாம் செய்தி, வாழ்த்து, பொங்கல், தீபாவளி எதுவும் வேண்டாம். நீலக் குறிக்குக் கட்டுகிற பணத்தையும் நிறுத்திவிடலாம். முகப்புக் குறிப்பில் இரண்டு போன் எண், ரத்தத்துக்கு நாங்கள் காசு வாங்குவதில்லை என்று ஒரு வரி, அவ்வளவு போதும். தமிழ், இந்தி, வங்காளம் மூன்றிலும் இருக்கட்டும். பூட்டிய கடையின் வாசலில் 'பின்பக்கம் வரவும்' என்று எழுதித் தொங்கவிடுவார்களே, அந்த மாதிரி. இதற்கு வெளியேறுவது என்று பெயரா, இருப்பது என்று பெயரா, எனக்குத் தெரியவில்லை. தீர்மானப் புத்தகத்தில் நீ எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

புதன்கிழமை சாயந்திரம் சத்துவாச்சாரிக்கு உன் வீட்டுக்கு வருகிறேன். படங்களை ஒவ்வொன்றாக அழிக்க எனக்குக் கண் பத்தாது, உன் மகனைக் கொஞ்சம் உட்காரச் சொல். வங்காள வரியை காந்தி ரோட்டு மெஸ்காரரிடம் எழுதி வாங்கிக்கொண்டு வருகிறேன். போன தடவை அவர் எழுதித் தந்ததில் ஒரு எண் தப்பாக இருந்தது, இந்த முறை நானே கூப்பிட்டுப் பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
நோட்டு எழுதும் அண்ணன்