வடசென்னை லாட்ஜ் ஓனருங்களுக்கு ஒரு மடல்: நாஷ்டாவ விடிகாலைல போடுங்க

மண்ணடி, பாரிஸ், பெரியமேடு, வால்டாக்ஸ் ரோடு, ராயபுரம், வண்ணாரப்பேட்ட, திருவொத்தியூர் பக்கம் லாட்ஜும் ஓட்டலும் நடத்துற ஓனருங்களுக்கும், ராத்திரி ரிசப்ஷன்ல உக்காந்து சாவி எடுத்துக் குடுக்கற மேனேஜர் அண்ணனுங்களுக்கும் வணக்கம்.

நான் ராயபுரத்துல பொறந்து வளந்தவன். மெஷின் ஸ்பேர் பார்ட்ஸ் ஆர்டர் எடுக்கற வேலை, அதனால சேலம், ஈரோடு, விஜயவாடா, ஹூப்ளின்னு லாட்ஜுலயே பாதி வாழ்க்க ஓடுது. ஊருக்கு வந்தா சொந்தக்காரங்க யாராவது ஆஸ்பத்திரிக்கோ கல்யாணத் துணி எடுக்கவோ வந்திருப்பாங்க, எங்க வீடு சின்னது, அதனால அவங்கள உங்க லாட்ஜுங்கள்ல தங்க வெச்சுட்டு காலைல போய் கூட்டிட்டு வர்றதும் நான்தான். தங்கறவனாவும் பாத்திருக்கேன், தங்க வெக்கறவனாவும் பாத்திருக்கேன், அந்த உரிமைலதான் எழுதறேன். ரூம் சுத்தமா இருக்கா, பாத்ரூம்ல தண்ணி வருதா, இதெல்லாம் கண்டிப்பா வேணும், ஆனா அது இல்லன்னாதான் ஜனங்க பேசுவாங்க, இருந்தா அதோட மறந்துடுவாங்க. ஊருக்குத் திரும்பிப் போய் பக்கத்து வீட்ல உக்காந்து சொல்றது "மெட்ராஸ்ல ஒரு லாட்ஜுல தங்கினோம், காலைல என்னா டிபன் தெரியுமா"ங்கறதுதான்.

அப்படி சொல்ல வெக்கறதுக்கு முதல் விஷயம் நேரம். அத விட்டா மத்ததெல்லாம் பின்னாடிதான்.

ஆன்லைன்ல பாத்தா காலை உணவு ரூம் வாடகையோட சேத்தின்னு போட்டிருக்கும், ராத்திரி போய் கேட்டா எட்டு மணிக்கு மேலதான் சார்னு பதில் வரும். எட்டு மணிக்கு நம்ம ஏரியா லாட்ஜுல யாரு சார் இருப்பா? மெரினா பாக்க வந்து நிதானமா எழுந்திருக்கற டூரிஸ்ட் நம்மகிட்ட ரொம்ப கம்மி. இங்க தங்கறவங்க எல்லாரும் ஒரு காரியத்துக்காக வந்தவங்க. காசிமேட்டுல ஏலம் எடுக்க வர்ற மீன் வியாபாரி இருட்டோட கிளம்பணும். அந்தமான் கப்பல் ஏற வந்த குடும்பம், முன்னாடி இருக்கறது ரெண்டரை மூணு நாள் கடல் பயணம், காலி வயித்தோடவும் ஏறக்கூடாது எண்ணெய் பலகாரத்த அடைச்சுக்கிட்டும் ஏறக்கூடாது, ரெண்டு இட்லி சூடா உள்ள போனா எவ்ளோ நிம்மதி. பௌர்ணமி அன்னிக்கு மூணு அம்மன் பாக்கறவங்க இருக்காங்க, காலைல மேலூர் திருவுடையம்மன், உச்சிக்கு திருவொத்தியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயல் கொடியிடையம்மன், ஒரே நாள்ல மூணையும் முடிக்கணும்னா விடியறதுக்குள்ள கிளம்பியாகணும், அவங்களுக்கு வெங்காயம் பூண்டு இல்லாம ஒரு சட்னி வேணும், அவ்ளோதான் கேக்கறாங்க. மெட்ரோ இப்ப விம்கோ நகர் வரைக்கும் போகுது, 2021 பிப்ரவரிலேர்ந்து ஓடுது, விடிகாலை 5 மணிக்கெல்லாம் ரயில் வந்துடுது. ஊரே எழுந்து கிளம்பிடுது, நாஷ்டா மட்டும் எட்டு மணிக்கு.

இதுல ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வர்றவங்கள தனியா சொல்லணும். விழுப்புரம், திருவண்ணாமலை, நெல்லூர் பக்கத்துலேர்ந்தெல்லாம் வர்றாங்க. ஓபி சீட்டு வாங்க விடியும்போதே கியூல நிக்கணும். நோயாளி வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும்னு டாக்டர் சொல்லி அனுப்பியிருப்பாரு, அதனால அவரால லாட்ஜுல சாப்பிட முடியாது, ரத்தம் எடுத்து முடிச்ச அடுத்த நிமிஷம் தல சுத்தும், அதுவும் சுகர்காரங்களா இருந்தா ரொம்ப கஷ்டம், அந்த நேரத்துல கைல ஒரு பொட்டலம் இருக்கணும். கூட வந்த பொண்டாட்டியோ புள்ளையோ, "அவரு சாப்பிடாம நான் எப்படி சாப்பிடறது"ன்னு பட்டினியா நிப்பாங்க. இவங்களுக்கு நாஷ்டான்னா பொட்டலம்தான். வாழை இலைல மூணு இட்லி, மொளகாப்பொடிய நல்லெண்ணெயில கொழச்சு இட்லி மேலயே தடவிடணும், தேங்கா சட்னி வெச்சா ரெண்டு மணி நேரத்துல வெயில்ல புளிச்சிடும். இத ஒரு லாட்ஜ் செஞ்சு குடுத்தா அந்தக் குடும்பம் ஆயுசுக்கும் மறக்காது, அடுத்த செக்கப்புக்கும் உங்ககிட்டதான் வந்து தங்குவாங்க.

பழைய ஆளுங்க ஸ்டான்லிய இன்னிக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்வாங்க. 1782 வாக்குல பஞ்சம் வந்தப்போ மணியக்காரர் சத்திரத்துல கஞ்சி ஊத்துனாங்க, அதுலேர்ந்து வளந்ததுதான் அந்த ஆஸ்பத்திரி. வந்தவனுக்கு முதல்ல வயித்துக்கு ஊத்தி அப்புறம் வைத்தியம் பாத்த எடம் இது. தென்னிந்தியாவோட முதல் ரயில் 1856ல கிளம்பினதும் ராயபுரத்துலேர்ந்துதான். வெளியூர்க்காரங்க வந்து போறது நமக்குப் புதுசா என்ன?

விடிகாலைல ஆள் கெடைக்காது, கட்டுப்படியாகாதுன்னு சொல்வீங்க, எனக்குத் தெரியும். ஆனா மண்ணடில நோன்பு மாசத்துல பாருங்க. சஹருக்கு ராத்திரி ரெண்டு மூணு மணிக்கெல்லாம் அடுப்பு எரியுது, நோன்பு வெக்கறவங்க சாப்ட்டு முடிச்சு பாங்கு சொல்றதுக்குள்ள கை கழுவிடறாங்க, அந்தத் தெருவுல யாரும் பசியோட நோன்பு புடிக்கறதில்ல. ஒரு மாசம் முழுக்க அத அவ்ளோ அழகா நடத்தற ஏரியாவுக்கு, மிச்ச மாசத்துல அஞ்சரை மணிக்கு ஒரு ஈடு இட்லி ஊத்தறது முடியாத காரியம் கெடையாது. மனசு வெக்கணும், அவ்ளோதான்.

வழி ரொம்ப சுலபம். ராத்திரி சாவி குடுக்கும்போதே "காலைல எத்தன மணிக்கு கிளம்பறீங்க, எத்தன பேரு, சாப்ட்டு போறீங்களா கட்டிக் குடுக்கணுமா"ன்னு கேட்டு லெட்ஜர்லயே பேருக்குப் பக்கத்துல குறிச்சுக்கோங்க. கர்நாடகா பக்கம் ஒரு சின்ன லாட்ஜுல எனக்கு இப்படித்தான் கேட்டாங்க, பத்து ரூம்தான் இருக்கும், லிஃப்ட் கூட கெடையாது, ஆறு மணி பஸ்ஸுன்னு சொன்னேன், அஞ்சே காலுக்கு கதவ தட்டி சூடா தட்டு இட்லியும் ஒரு டம்ளர் காப்பியும் வந்துது. அந்த ஊருக்கு எப்ப போனாலும் அங்கதான் தங்கறேன். அதே வேலையா போன இன்னொரு ஊர்ல பெரிய ஓட்டல், நாஷ்டாவுக்கும் சேத்து காசு வாங்கிட்டாங்க, டைம் ஆகலன்னு கதவ தெறக்கல, பசியோட பஸ் ஏறினேன். அந்தக் கதவுக்கு உள்ள இருபது ஐட்டம் இருந்திருக்கும், எனக்கு என்ன பிரயோஜனம்?

இருபது ஐட்டம்னதும் அதையும் சொல்லிடறேன். கொஞ்சம் வசதியான ஓட்டலுங்க இப்ப பஃபேன்னு வரிசையா மூடி போட்ட பாத்திரம் வெக்கறாங்க, அடில சின்ன நெருப்பு. நம்ம டிபனுக்கு அது ஒத்து வராதுங்க. இட்லிய மூடி வெச்சா ஆவி தண்ணியா சொட்டி அடி சொதசொதன்னு ஆகும், தெறந்து தெறந்து மூடினா மேல காஞ்சு தோல் கட்டும். பொங்கல் ஆற ஆற இறுகிடும், வெந்நீரும் நெய்யும் ஊத்தி கிண்டிக் குடுக்க ஒரு ஆள் வேணும். வட பத்து நிமிஷத்துல மொறுமொறுப்பு போயி எண்ணெய் குடிச்ச பஞ்சு மாதிரி ஆயிடும். பூரிய பத்தி சொல்லவே வேணாம். சாம்பார் நெருப்பு மேலயே நின்னா பருப்பு அடில போயி புடிச்சுக்கும். இதுக்கு நடுவுல ரொட்டி, ஜாம், கார்ன் ஃபிளேக்ஸ், வெட்டி வெச்ச தர்பூசணி, எல்லா ஊர் ஓட்டல்லயும் இதேதான் இருக்கு, இத எந்த ஊர்ல சாப்ட்டோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

அதுக்கு பதிலா ரெண்டு ஐட்டம் போதும், இட்லியும் ஒரு தோசையும். ஒரு ஈடு வேக பத்து பன்னெண்டு நிமிஷம், ஆள் குளிச்சுட்டு கீழ வர்றதுக்குள்ள ஆயிடும். மாவு முன்னாடி நாள் சாயங்காலம் ஆட்டி வெச்சா மெட்ராஸ் வெக்கைக்கு காலைல தானா பொங்கி நிக்கும், மார்கழி தை மாசத்துல மட்டும் கொஞ்சம் முன்னாடியே ஆட்டணும். தட்டு மேல ஒரு துண்டு வாழை இலை, துணியோட எடுத்து அப்படியே இலைல தட்டின இட்லி, ஆவி பறக்கணும், தொட்டா விரல் சுடணும்.

தொட்டுக்க என்ன குடுக்கறீங்கங்கறதுலதான் நம்ம ஊர் தெரியணும். காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டைல வீட்டுக்கு வீடு ஞாயித்துக்கெழம காலைல என்ன சாப்பிடறோம்? நேத்து வெச்ச மீன் கொழம்பு. சங்கராவோ கவலை மீனோ, ராத்திரி பூரா புளியும் காரமும் ஊறி, காலைல நல்லா கொதிக்க வெச்சு இட்லி மேல ஊத்தினா அதுக்கு ஈடு எதுவும் கெடையாது. இத எந்த லாட்ஜுலயும் நான் பாத்ததில்ல, ஏன் குடுக்கக்கூடாதுன்னு எனக்குப் புரியல. மீன் துண்டு கூட வேணாம், கொழம்பு போதும், கேட்டு குடுங்க, சைவக்காரங்களுக்கு தனி பாத்திரம் தனி கரண்டி, அதுல மட்டும் கவனம் தப்பக்கூடாது. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் வெல ஏறிடும், அப்போ நெத்திலி கருவாட்டுக் கொழம்பு வெங்க, அதையும் சாப்ட்டுட்டு கதை கதையா சொல்வாங்க. சைவத்துக்கு வடகறி இருக்கு, கடலப்பருப்ப ஊறவெச்சு கொரகொரப்பா அரைச்சு வேக வெச்சு உதுத்து பட்ட சோம்பு வாசத்தோட செட் தோசைக்கு குடுத்தா போதும். மண்ணடி பக்கம்னா ஆப்பம் பாயா.

பீச் ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜுங்களுக்கு இன்னொரு யோசனை. செகண்ட் லைன் பீச் ரோடுல அத்தோங்கற பர்மா நூடுல்ஸ் விக்கற கடைங்க உங்க வாசலுக்கு பக்கத்துலயே இருக்கு. 1962ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்து, கடையும் சொத்தும் பறிபோயி கப்பல் கப்பலா திரும்பி வந்த நம்ம ஜனங்க கொண்டாந்த சாப்பாடு அது. இங்க பர்மா சாப்பாட்டயே சாயங்கால ஐட்டம் ஆக்கிட்டோம், ஆனா பர்மாவுல மொய்ங்காங்கறது காலை நாஷ்டா. அரிசி நூடுல்ஸ், வாழத்தண்டு போட்ட மீன் சாறு, மேல பொரிச்ச வெங்காயம், அவிச்ச முட்டை, எலுமிச்ச புழிஞ்சு சுடச்சுட. வயித்துக்கும் எதமா இருக்கும். அந்தக் கடைக்கார அண்ணன்கிட்ட பேசி வாரத்துல ரெண்டு நாளாவது காலைல ஒரு பாத்திரம் வெக்கச் சொல்லுங்க. மெட்ராஸ்ல வேற எந்த ஏரியா லாட்ஜும் இத அவ்ளோ சுலபமா குடுத்துட முடியாது.

பாதி லாட்ஜுல கிச்சனே கெடையாதுன்னு தெரியும். பரவால்ல. உங்க தெருமுனைல நாலரை மணிக்கே ஸ்டவ் பத்த வெச்சு இட்லி போடற அக்கா ஒருத்தங்க கண்டிப்பா இருப்பாங்க. அவங்களோட கணக்கு வெச்சுக்கோங்க, ரூமுக்கு டோக்கன் குடுங்க, வாரம் ஒரு தடவ சரியா காச குடுத்துடுங்க, இதுல இழுத்தடிக்காதீங்க, அவங்க அன்னன்னிக்கு அரிசி உளுந்து வாங்கி பொழைக்கறவங்க. தள்ளுவண்டி, சின்ன கடைங்களுக்கும் உணவு பாதுகாப்பு துறைல ரெஜிஸ்ட்ரேஷன் உண்டு, அவங்களுக்கு அந்த ஃபாரம் எழுதிக் குடுக்க உங்க ரிசப்ஷன் கம்ப்யூட்டர் போதும். தண்ணி மட்டும் உங்க கேன் தண்ணிய குடுங்க. அவங்களுக்கும் நெலையா ஒரு வருமானம், உங்களுக்கு அடுப்பு செலவு மிச்சம்.

காப்பிய மெஷின்ல புடிக்காதீங்க. ஃபில்டர்ல எறங்கின முதல் டிகாக்ஷன், அப்ப காய்ச்சின பால், இவ்ளோதான். காலைல ஒரு நல்ல காப்பி குடிச்சவன் மத்த கொறய பாதி மன்னிச்சுடுவான். சின்னப் பசங்களுக்கு பால், வயசானவங்களுக்கு மாடி எறங்கி வரச் சொல்லாம ரூமுக்கே ஒரு தட்டு, ஃபிளாஸ்க்ல வெந்நீர். இதுக்கெல்லாம் பெருசா காசு ஆகாது.

முதல்ல ஸ்டான்லிய சுத்தி இருக்கற லாட்ஜுங்க ஆரம்பிக்கணும்னு கேட்டுக்கறேன், அங்கதான் பசி அதிகம். திங்கக்கெழம காலைல ஓபில கூட்டம் ஜாஸ்தியா இருக்கும், அதனால ஞாயித்துக்கெழம ராத்திரி வர்றவங்ககிட்ட கேட்டு அஞ்சு பொட்டலம் கட்டிப் பாருங்க. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்ட தெருவுங்கள்ல விடிகாலைல யாரு நல்லா இட்லி போடறாங்கன்னு எனக்குத் தெரியும், எந்த ஓனர் கேட்டாலும் நானே கூட்டிட்டுப் போய் அறிமுகப்படுத்தி வெக்கறேன், நான் ஊர்ல இல்லாத நாள்ல என் தம்பி வருவான்.

இப்படிக்கு,
ராயபுரத்துலேர்ந்து உங்க லாட்ஜுங்களுக்கு ஆள் கூட்டிட்டு வர்றவன்